அங்கே ஒரு மணி நேரம், இங்கே 7 வருடம்: ‘இன்டர்ஸ்டெல்லார்’ படம் விட்டது ரீலா, நிஜமா?

தியேட்டரில் அந்தக் காட்சி வரும்போதெல்லாம் பக்கத்து சீட்டில் யாராவது ஒருவர் முணுமுணுப்பார். மூன்று பேர் ஒரு கிரகத்தில் இறங்குகிறார்கள். எங்கு பார்த்தாலும் முழங்கால் அளவு தண்ணீர். திடீரென்று மலை உயரத்துக்கு ஓர் அலை. ஒருவர் இறந்துபோகிறார், இன்ஜினுக்குள் தண்ணீர் புகுந்துவிடுகிறது. எப்படியோ தப்பித்துத் தாய்க்கலத்துக்குத் திரும்பினால், அங்கே காவலுக்கு விட்டுப்போன ரோமிலியின் தாடி நரைத்திருக்கிறது. அவர் காத்திருந்தது 23 வருடம், 4 மாதம், 8 நாள். இறங்கிப் போனவர்களுக்கோ மூன்று மணி நேரம் சொச்சம்தான் ஆகியிருக்கிறது.

“ஒரு மணி நேரத்துக்கு 7 வருஷமா? சும்மா அடிச்சு விடுறாங்க!”

2014-ல் படம் வந்தபோதும் இந்தப் பேச்சு இருந்தது. 2025 பிப்ரவரியில் இந்தியாவில் மீண்டும் திரையிட்டபோதும் இருந்தது. கிறிஸ்டோபர் நோலனின் ரசிகர்களே கூட, “படம் சூப்பர்தான், ஆனா அந்த 7 வருஷம் மட்டும் கொஞ்சம் ஓவர்” என்று ஒரு படி இறங்கி வருவதைப் பார்த்திருக்கிறேன்.

இறங்கி வரத் தேவையில்லை என்பதுதான் இந்தக் கட்டுரை சொல்ல வருவது. படத்தில் லாஜிக் இடிக்கும் இடங்கள் நிறைய உண்டு. புத்தக அலமாரிக்குப் பின்னால் நடக்கும் சமாச்சாரத்துக்கெல்லாம் நான் வக்காலத்து வாங்கப் போவதில்லை. ஆனால் கதையையே தாங்கி நிற்கும் அந்த ஒரு மணி நேரம்–7 வருடம் என்ற கணக்கு, பார்க்க எவ்வளவு பெரிய புளுகாகத் தெரிந்தாலும், இயற்பியலின்படி செல்லும்.

நேரம் எல்லோருக்கும் ஒன்றல்ல

முதலில் ஒரு சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்வோம். நேரம் இடத்துக்கு இடம் வேறு வேகத்தில் ஓடும் என்பதே கற்பனையா?

இல்லை. அது அளந்து பார்த்த விஷயம். ஈர்ப்பு விசையின் பிடிக்குள் எவ்வளவு ஆழத்தில் இருக்கிறோமோ அவ்வளவு மெதுவாகக் கடிகாரம் ஓடும் என்பது ஐன்ஸ்டைனின் பொதுச் சார்பியல் கோட்பாடு. 1959–60-ல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் பவுண்ட், ரெப்கா என்ற இரண்டு இயற்பியலாளர்கள், 22.5 மீட்டர் உயரமுள்ள ஒரு கோபுரத்தின் மேலும் கீழும் காமா கதிர்களை அனுப்பி இதைச் சோதித்தார்கள். வித்தியாசம் இருந்தது. 1971-ல் ஹாஃபலே, கீட்டிங் என்ற இருவர், நான்கு சீசியம் அணுக்கடிகாரங்களைச் சாதாரணப் பயணிகள் விமானத்தில் ஏற்றி உலகைச் சுற்றி வந்தார்கள். கிழக்கே போன கடிகாரங்கள் சராசரியாக 59 நானோ விநாடி பின்தங்கின. மேற்கே போனவை 273 நானோ விநாடி முந்தின. விமானத்தின் வேகம், பூமியின் சுழற்சி, உயரம் எல்லாம் சேர்ந்து கோட்பாடு சொன்ன கணக்கோடு ஒத்துப்போனது.

2010-ல் அமெரிக்காவின் தேசியத் தர நிர்ணய நிறுவனம் இன்னும் ஒரு படி மேலே போனது. சரியாகச் சொன்னால் இரண்டு படி. இரண்டு அணுக்கடிகாரங்களை வெறும் 33 சென்டிமீட்டர் உயர வித்தியாசத்தில் வைத்து, மேலே இருந்தது வேகமாக ஓடுவதைக் காட்டினார்கள். வீட்டு மாடிப்படியில் இரண்டு படி ஏறினாலே உங்களுடைய நேரம் வேறு, கீழே நிற்பவருடைய நேரம் வேறு.

இது ஆய்வகத்தோடு நிற்கும் விஷயமும் இல்லை. உங்கள் போனில் இருக்கும் ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகின்றன. அங்கே ஈர்ப்பு குறைவு என்பதால் அவற்றின் கடிகாரம் நாளொன்றுக்கு 45 மைக்ரோ விநாடி முந்துகிறது. அவை வேகமாக ஓடுவதால் 7 மைக்ரோ விநாடி பிந்துகிறது. கூட்டிக் கழித்தால் 38 மைக்ரோ விநாடி. அந்த நேரத்தில் ஒளி 11 கிலோமீட்டர் போய்விடும். இந்தத் திருத்தத்தைச் செய்யாமல் விட்டால் ஒரே நாளில் உங்கள் மேப் தாம்பரத்தைக் கிலோமீட்டர் கணக்கில் தள்ளிக் கொண்டுபோய் வைக்க ஆரம்பித்துவிடும்.

ஆக, கேள்வி ‘நேரம் மாறுமா?’ என்பதே அல்ல. ‘அவ்வளவு மாறுமா?’ என்பதுதான்.

எவ்வளவு ஆழமான கிணறு வேண்டும்?

7 வருடம் என்றால் சுமார் 61,000 மணி நேரம். அதாவது அந்தக் கிரகத்தின் கடிகாரம் பூமிக் கடிகாரத்தைவிட 61,000 மடங்கு மெதுவாக ஓட வேண்டும். அங்கே ஒரு விநாடி போனால் இங்கே 17 மணி நேரம் போயிருக்கும்.

இது எவ்வளவு பெரிய எண் என்பதற்கு ஓர் ஒப்பீடு. தொலைதூர விண்வெளியில் ஒரு கடிகாரம், பூமியின் தரையில் ஒரு கடிகாரம் என்று வைத்தால் ஒரு வருடத்தில் வரும் வித்தியாசம் ஒரு விநாடியில் ஐம்பதில் ஒரு பங்கு. சூரியனின் பரப்பில் வைத்தால் ஒரு நிமிடத்துக்குச் சற்று மேல். சிரியஸ் விண்மீனின் ஜோடியான வெண்குறு விண்மீனின் பரப்பில் வைத்தால் இரண்டு மணி நேரத்துக்கு மேல். நியூட்ரான் விண்மீனின் பரப்பில் என்றால் மாதக்கணக்கில் வரும். கிணறு ஆழமாக ஆழமாகக் கடிகாரம் மெதுவாகிறது. ஆனால் நியூட்ரான் விண்மீனில்கூட ஒரு மணி நேரம் ஒன்றேகால் மணி நேரமாக ஆவதே பெரிய விஷயம். 61,000 மடங்குக்கு அடியே தெரியாத கிணறு வேண்டும். அதாவது கருந்துளை. படத்தில் அதற்குப் பெயர் கார்கன்டுவா.

இங்கேதான் பலருக்கு ஒரு குழப்பம் வரும். “நேரத்தையே அந்த அளவுக்கு இழுத்துப் பிடிக்கிற ஈர்ப்பு, அந்த மூணு பேரை மட்டும் எப்படி நசுக்காம விட்டுச்சு? படத்துல அந்தக் கிரகத்தோட ஈர்ப்பு பூமியைவிட 30 சதவீதம்தானே அதிகம்னு சொல்றாங்க?”

நல்ல கேள்வி. பதில், இழுப்பு வேறு, ஆழம் வேறு. சர்வதேச விண்வெளி நிலையம் இருக்கும் உயரத்தில் பூமியின் ஈர்ப்பு தரையில் இருப்பதில் சுமார் 90 சதவீதம் இருக்கிறது. ஆனாலும் வீரர்கள் மிதக்கிறார்கள். காரணம், நிலையமும் அவர்களும் சேர்ந்தே பூமியைச் சுற்றி ‘விழுந்துகொண்டே’ இருக்கிறார்கள். சேர்ந்து விழும்போது இழுப்பு தெரியாது. அதேபோல அந்தக் கிரகமும் அதில் நிற்பவர்களும் சேர்ந்தே கருந்துளையைச் சுற்றுகிறார்கள். அவர்கள் காலடியில் உணர்வது கிரகத்தின் சொந்த ஈர்ப்பை மட்டும்தான். கடிகாரம் மெதுவாவதற்கு இழுப்பை நாம் உணர வேண்டும் என்ற அவசியமே இல்லை. கிணற்றில் எத்தனை அடி கீழே இருக்கிறோம் என்பதுதான் கணக்கு.

மன்னிப்புக் கேட்ட வானியலாளர்

சரி, கருந்துளை இருக்கிறது, பக்கத்தில் ஒரு கிரகத்தை வைத்துவிடலாம். முடிந்ததா கதை? இல்லை. இப்போதுதான் வலுவான எதிர்ப்பு வருகிறது.

கருந்துளைக்கு எவ்வளவு பக்கத்தில் வேண்டுமானாலும் ஒரு கிரகம் நிம்மதியாகச் சுற்றிவிட முடியாது. எதுவும் திரும்பி வர முடியாத நிகழ்வு எல்லையின் ஆரத்தைப் போல மூன்று மடங்கு தூரம் வரைதான் நிலையான வட்டப்பாதை உண்டு. அதற்கு உள்ளே போனால் லேசாக ஒரு தட்டு தட்டினாலே உள்ளே விழுந்துவிடும். அந்தக் கடைசிப் பாதையில் கடிகாரம் எவ்வளவு மெதுவாகும் தெரியுமா? 1.41 மடங்கு. அவ்வளவுதான். அங்கே ஒரு மணி நேரம் என்றால் இங்கே ஒரு மணி 25 நிமிடம். 7 வருடம் எங்கே, 25 நிமிடம் எங்கே!

படம் வெளியான சூட்டோடு, ஃபில் பிளெய்ட் என்ற அமெரிக்க வானியலாளர் ‘ஸ்லேட்’ இதழில் கிட்டத்தட்ட இதே வாதத்தை வைத்துப் படத்தைக் கிழித்துத் தொங்கவிட்டார். சினிமாவில் வரும் தப்பான அறிவியலைப் பிடிப்பதில் பேர் வாங்கியவர். ஆனால் சில நாட்களிலேயே அதே இதழில் இன்னொரு கட்டுரை எழுதினார். தான் செய்தது தப்பு என்று ஒப்புக்கொண்டார்.

என்ன தப்பு? அவர் போட்ட கணக்கில் பிழை இல்லை. மேலே சொன்ன 1.41 மடங்கு என்பதும் சரியான எண்தான். ஆனால் அது சுழலாத கருந்துளைக்கான கணக்கு. கார்கன்டுவா சுழல்கிறது. அதுவும் சும்மா சுழலவில்லை.

கல்லூரி இயற்பியல் படித்தவர்களும் வழுக்குவது இதே இடத்தில்தான். பாடப்புத்தகத்தில் முதலில் வருவது 1916-ல் ஷ்வார்ஸ்சைல்டு கண்டுபிடித்த, சுழலாத கருந்துளை. அங்கேயே பலரும் நின்றுவிடுகிறார்கள். சுழலும் கருந்துளைக்கான தீர்வை நியூசிலாந்துக்காரரான ராய் கெர் 1963-ல்தான் கண்டுபிடித்தார். அது எவ்வளவு ஆழமான விஷயம் என்றால், சென்னை மாநிலக் கல்லூரியில் படித்து நோபல் வாங்கிய சுப்பிரமணியன் சந்திரசேகர் 1983-ல் கருந்துளைகளின் கணிதம் பற்றி ஒரு தடித்த புத்தகம் எழுதினார். அதில் கணிசமான பகுதி இந்தக் கெர் தீர்வைப் பற்றியது.

மத்து சுழன்றால் மோரும் சுழலும்

மோர் கடையும்போது மத்து மட்டுமா சுழல்கிறது? சுற்றியிருக்கும் மோரும் சேர்ந்து சுழலும். மத்துக்குப் பக்கத்தில் வேகமாக, தள்ளிப் போகப் போக மெதுவாக. சுழலும் கருந்துளை தன்னைச் சுற்றியிருக்கும் வெளியையே அப்படி இழுத்துச் சுழற்றுகிறது.

இதனால் ஒரு லாபம். கருந்துளை சுழலும் திசையிலேயே ஒரு கிரகம் சுற்றினால், அது இன்னும் நெருக்கமாகப் போயும் விழாமல் தாக்குப்பிடிக்கலாம். சுழற்சி கூடக் கூட அந்தக் கடைசிப் பாதை உள்ளே உள்ளே நகர்ந்து, நிகழ்வு எல்லையை ஒட்டியே வந்துவிடுகிறது. கிணற்றின் அடிவரை போய், அங்கே ஒரு திட்டில் உட்கார்ந்துகொள்வது மாதிரி. அங்கே நேரம் எவ்வளவு வேண்டுமானாலும் மெதுவாகலாம். பத்து மடங்கு, ஆயிரம் மடங்கு, 61,000 மடங்கு. எல்லாம் சுழற்சி உச்ச வரம்பை எவ்வளவு நெருங்குகிறது என்பதைப் பொறுத்தது.

இந்தக் கணக்கைப் போட்டவர் படத்தின் அறிவியல் ஆலோசகர் கிப் தோர்ன். ஈர்ப்பு அலைகளைக் கண்டுபிடித்ததற்காக 2017-ல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர். ‘இன்டர்ஸ்டெல்லாரின் அறிவியல்’ என்ற தன் புத்தகத்தில் அவரே நடந்ததைச் சொல்கிறார். ஒரு மணி நேரத்துக்கு 7 வருடம் வேண்டும் என்று நோலன் கேட்டபோது, அதற்கு வாய்ப்பே இல்லை என்றுதான் அவர் முதலில் நினைத்திருக்கிறார். நோலனோ அந்த எண்ணில் பேரம் கிடையாது என்று நின்றுவிட்டார். தோர்ன் வீட்டுக்குப் போய் யோசித்து, கணக்குப் போட்டுப் பார்த்தார். வழி இருந்தது.

ஆனால் விலை அதிகம். கருந்துளையின் சுழற்சி உச்ச வரம்புக்குக் கோடி கோடியில் ஒரு பங்கு மட்டுமே குறைவாக இருக்க வேண்டும். உச்சம் 100 என்றால் இது 99.999999999999. அதற்கு மேல் சுழன்றால் நிகழ்வு எல்லை என்ற ஒன்றே இல்லாமல் போய்விடும் என்கிறது சமன்பாடு.

இயற்கையில் அப்படி ஒன்று இருக்குமா? இங்கே ஒரு வேடிக்கை. கருந்துளை இயற்கையாக எவ்வளவு வேகம் வரை சுழல முடியும் என்று 1974-ல் ஒருவர் கணக்குப் போட்டார். வாயு உள்ளே விழ விழச் சுழற்சி கூடும். ஆனால் அந்த வாயு வெளிவிடும் ஒளியில் எதிர்த்திசையில் வரும் ஒளியைக் கருந்துளை அதிகமாக விழுங்கும். அது பிரேக் மாதிரி வேலை செய்யும். ஆகவே சுழற்சி உச்சத்தின் 99.8 சதவீதத்தோடு நின்றுவிடும் என்பது அந்த முடிவு. கணக்குப் போட்டவர் யார் தெரியுமா? அதே கிப் தோர்ன்தான்! அந்த வரம்புக்கே ‘தோர்ன் வரம்பு’ என்று பெயர்.

99.8 சதவீதச் சுழற்சியில் கடைசிப் பாதையில் இருக்கும் கிரகத்தில் ஒரு மணி நேரம் என்றால், பூமியில் சுமார் 11 மணி நேரம். அதுவே பெரிய அதிசயம்தான், இல்லையா? காலையில் ஒரு மணி நேரம் இறங்கிப் பார்த்துவிட்டு வந்தால் சாயங்காலம் ஆகியிருக்கும். ஆனால் மகளுக்குத் தந்தையின் வயது ஆகியிருக்காது. கதைக்கு அது போதாது.

99.8-ல் நிற்பது வாயு தொடர்ந்து விழுந்துகொண்டிருக்கும் கருந்துளைக்கு உள்ள நிலைமை. அதைத் தாண்டுவது இயற்பியல் விதியை மீறுவது ஆகாது. வாய்ப்பு மிக மிகக் குறைவு, அவ்வளவுதான். தோர்னும் இதைத்தான் சொல்கிறார். லாட்டரியில் ஒருவருக்கே பத்து தடவை தொடர்ந்து முதல் பரிசு விழும் என்று சொன்னால் நம்ப மாட்டோம். ஆனால் அது நடக்கவே முடியாது என்று கணக்கு வாத்தியார் சொல்ல மாட்டார். ஒரு சினிமாவிடம் நான் கேட்பது அந்த அளவு நேர்மையைத்தான். நிஜ வானத்திலும் வேகமாகச் சுழலும் கருந்துளைகள் இருக்கின்றன. என்ஜிசி 1365 என்ற பால்வெளி மண்டலத்தின் நடுவில் உள்ள கருந்துளை உச்ச வரம்பில் குறைந்தது 84 சதவீத அளவுக்குச் சுழல்வதாக 2013-ல் விண்வெளித் தொலைநோக்கிகள் மூலம் கணித்தார்கள்.

கிரகம் ஏன் கிழியவில்லை?

கருந்துளைப் பக்கம் போனால் ‘நூடுல்ஸ்’ மாதிரி இழுத்துவிடும் என்று படித்திருப்பீர்கள். காலுக்கும் தலைக்கும் உள்ள இழுப்பு வித்தியாசம்தான் அப்படி இழுக்கிறது. அந்தக் கிரகம் மட்டும் எப்படித் தப்பியது?

கருந்துளை பெரிதாக இருந்ததால் தப்பியது. கேட்க விசித்திரமாக இருக்கும், ஆனால் கருந்துளை பெரிதாகப் பெரிதாக அதன் எல்லையில் இந்தக் கிழிக்கும் விசை குறைந்துகொண்டே போகும். பத்து மடங்கு நிறை கூடினால் விசை நூறில் ஒரு பங்காகிவிடும். செங்குத்தான சின்னக் குழிக்கும், சரிவே தெரியாத பெரிய ஏரிக்கும் உள்ள வித்தியாசம். அதனால்தான் கார்கன்டுவாவுக்கு 10 கோடி சூரியன்களின் நிறையைக் கொடுத்தார் தோர்ன். அதன் ஆரம் சுமார் 15 கோடி கிலோமீட்டர். நம் பூமிக்கும் சூரியனுக்கும் உள்ள தூரம் அது.

கிழியாவிட்டாலும் கிரகம் கொஞ்சம் முட்டை மாதிரி நீளும். நிலா பூமிக்கு ஒரே முகத்தைக் காட்டுவதுபோல அதுவும் கருந்துளைக்கு ஒரே முகத்தைக் காட்ட வேண்டும். ஆனால் அப்படியே உறைந்து நிற்காமல் லேசாக இப்படியும் அப்படியும் ஆடினால்? தாம்பாளத்தில் தண்ணீரை வைத்துக்கொண்டு நடந்து பாருங்கள். தளும்புமே, அதுதான் அந்த மலை அலை. அந்த ஆட்டத்துக்கு ஆகும் நேரத்தைத் தோர்ன் கணக்கிட்டபோது, ஒரு தடவை ஆடித் திரும்ப ஏறக்குறைய ஒரு மணி நேரம் என்று வந்தது. படத்தில் இரண்டு அலைகளுக்கு நடுவே உள்ள இடைவெளியும் ஏறக்குறைய அவ்வளவே. இந்தக் கணக்கைத் தெரிந்துகொண்டு நோலன் அதை வைக்கவில்லை, தானாக ஒத்துப்போனது.

இன்னொரு தகவல் எனக்கு ரொம்பப் பிடித்தது. தொலைவில் இருந்து பார்ப்பவருக்கு அந்தக் கிரகம் கார்கன்டுவாவை ஒரு சுற்றுச் சுற்ற சுமார் 1.7 மணி நேரம் ஆகும். கிரகத்தில் நிற்பவரின் கடிகாரம் 61,000 மடங்கு மெதுவாயிற்றே? அவர் கணக்கில் அது ஒரு விநாடிக்கு பத்து சுற்று! நூறு கோடி கிலோமீட்டர் பக்கம் வரும் பாதையை விநாடிக்கு பத்து தடவையா? ஒளியைவிட வேகமாகிவிடாதா? ஆகாது. வெளியே சேர்ந்து சுழல்கிறது அல்லவா, அந்தச் சுழலும் வெளிக்குள் கிரகத்தின் வேகம் ஒளியின் வேகத்தில் பாதிக்குச் சற்று மேல்தான்.

படம் தோற்கும் இடம்

வக்காலத்து வாங்குகிறேன் என்பதற்காகக் குறையை மறைக்கக் கூடாது. மூன்று இடங்களில் படம் நிஜமாகவே வழுக்குகிறது.

முதலாவது, இறங்குவதும் ஏறுவதும். தாய்க்கலம் இருக்கும் பாதைக்கும் கிரகத்தின் பாதைக்கும் நடுவில் உள்ள வேக வித்தியாசம் ஒளியின் வேகத்தோடு ஒப்பிடும் அளவுக்குப் பெரியது. எந்த ராக்கெட் எரிபொருளாலும் அந்த அளவு வேகத்தைக் கூட்டவோ குறைக்கவோ முடியாது. பக்கத்தில் இன்னொரு சின்னக் கருந்துளை இருந்தால் அதைச் சுற்றி வளைந்து வேகத்தை மாற்றலாம் என்பது தோர்ன் தந்த வழி. படத்தில் ஏற்கெனவே ஒரு கருந்துளை இருக்கிறதே, ரசிகர் குழம்பிவிடுவார் என்று நோலன் அதை நியூட்ரான் விண்மீனாக மாற்றிவிட்டார். அந்த வேலைக்கு நியூட்ரான் விண்மீன் பத்தாது. ஆலோசகர் சொல்லியும் கேட்காமல் செய்த தப்பு இது.

இரண்டாவது, திரையில் தெரியும் கார்கன்டுவா. அந்தப் படத்தை உருவாக்க நிஜச் சமன்பாடுகளையே கணினியில் ஓட்டினார்கள். 2015-ல் அதை வைத்து ஓர் ஆய்வுக் கட்டுரையே வெளியானது. ஆனால் உச்சச் சுழற்சியில் கருந்துளையின் நிழல் ஒரு பக்கம் சப்பையாகத் தெரியும். பார்க்க நன்றாக இல்லை என்று 60 சதவீதச் சுழற்சியை வைத்து வரைந்தார்கள். கதை ஒரு கருந்துளையைச் சொல்ல, திரை இன்னொன்றைக் காட்டுகிறது. இதை நான் மன்னித்துவிடுவேன்.

மூன்றாவதுதான் சரியான அடி. வெளியில் இருந்து உள்ளே விழும் ஒளி, மெதுவான கடிகாரம் உள்ளவருக்கு அதிக ஆற்றலோடு வந்து சேரும். பிரபஞ்சம் முழுக்கப் பெருவெடிப்பின் மிச்சமாக ஒரு மெல்லிய நுண்ணலைக் கதிர்வீச்சு இருக்கிறது. அதன் வெப்பநிலை தனிச்சுழிக்கு மேல் 2.7 டிகிரிதான். நமக்கு அது உறைக்கவே உறைக்காது. ஆனால் 61,000 மடங்கு மெதுவாக ஓடும் இடத்தில்? செக் குடியரசின் இயற்பியலாளர்கள் சிலர் இதைக் கணக்கிட்டு 2017-ல் வெளியிட்டார்கள். வானத்தில் ஒரு சின்னப் புள்ளியில் இருந்து அந்தக் கதிர்வீச்சு புற ஊதாக் கதிராக வந்து கொட்டும். கிரகத்தின் வெப்பநிலை 900 டிகிரி செல்சியஸை ஒட்டி இருக்கும். அலை எங்கே, கடல் எங்கே? அலுமினியமே உருகிவிடும்.

ஆக, கடல்தான் பொய். கடிகாரம் பொய் இல்லை. சொல்லப்போனால் கடல் ஆவியாவதே கடிகாரம் அவ்வளவு மெதுவாக ஓடுவதால்தான். கிரகத்தைக் கொஞ்சம் தள்ளி வைத்தால் வெப்பம் தணியும். கூடவே அந்த 7 வருடமும் சுருங்கும். இரண்டையும் ஒன்றாக வைத்துக்கொள்ள முடியாது. நோலன் வைத்துக்கொண்டார்.

ரோமிலி பார்த்திருக்கக்கூடியது

கடைசியாக ஒரு கேள்வி மிச்சம் இருக்கிறது. ரோமிலி மட்டும் ஏன் 23 வருடம் மூப்படைந்தார்? அவரும் அதே கருந்துளைக்குப் பக்கத்தில்தானே இருந்தார்?

பக்கம் என்பது நம் கண்ணுக்குத்தான். கிணற்றின் அடி ஆழம் எல்லாம் கடைசி ஓரத்தில்தான் இருக்கிறது. நிகழ்வு எல்லையின் ஆரத்தைப் போலப் பத்து மடங்கு தள்ளி நின்றால், அங்கே ஒரு மணி நேரம் பூமியில் ஒரு மணி 11 நிமிடம்தான். படம் பார்ப்பவர் பூமிக் கணக்கிலேயே அவருக்கும் வயதைக் கூட்டிக்கொள்ளலாம், பெரிய மோசம் இல்லை.

அவர் அங்கிருந்து கீழே பார்க்க முடிந்திருந்தால் என்ன தெரிந்திருக்கும் என்று யோசித்துப் பார்ப்பேன். வெறும் கண்ணுக்குத் தெரியாது. அங்கிருந்து வரும் ஒளி அந்த அளவுக்கு நீண்டு ரேடியோ அலைப் பக்கம் போயிருக்கும். அதையும் பிடிக்கும் ஒரு கருவி இருந்ததாக வைத்துக்கொள்வோம். கூப்பர் ஒரு அடி எடுத்து வைக்க அரை நாளுக்கு மேல் ஆகியிருக்கும். பிராண்ட் திரும்பிப் பார்ப்பது அடுத்த நாள் முடியும். அலைகள் 7 வருடத்துக்கு ஒன்று. முதல் அலை மெல்ல எழுந்து நெருங்கி வருவதை அவர் மாதக்கணக்கில் பார்த்துக்கொண்டே இருந்திருப்பார். கத்தி எச்சரிக்கலாம் என்று ரேடியோவில் ஒரு வார்த்தை சொன்னால், அது கீழே போய்ச் சேரும்போது விநாடியில் பல்லாயிரத்தில் ஒரு பங்காகச் சுருங்கி, வெறும் ஒரு ‘டிக்’ சத்தமாகக் கூடக் கேட்டிருக்காது. அந்த 23 வருடத்தில் அவர் மொத்தமாகப் பார்த்திருக்கக்கூடிய அலைகள் மூன்று.